மூன்று துறைகளை ஒரே வழக்கின் வழியாகக் கற்பித்தல்

அமெரிக்க அரசின் மூன்று துறைகளைப் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்துதான் நம்மில் பலர் தொடங்குகிறோம். காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், அதிபர் அதை நடைமுறைப்படுத்துவார், நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறும் என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐந்தே நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரு துறை எல்லை மீறினால் மற்றவை என்ன செய்யும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். ஆகவே, மூன்றும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு இரண்டு பாடவேளைகள் நடத்துவது நல்லது. 1952ஆம் ஆண்டின் எஃகு ஆலை வழக்கு இதற்கு மிகவும் பொருந்தும்.

முதலில், அரசமைப்புச் சட்டத்தின் முதல் மூன்று பிரிவுகளின் தொடக்க வரிகளை மட்டும் படிக்கச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு கதையைத் தொடங்கலாம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானார்கள். போருக்கு எஃகு தடைபடக் கூடாது என்று கூறி, 1952 ஏப்ரல் 8 அன்று அதிபர் ட்ரூமன் நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுக்க ஆணையிட்டார். கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, இந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அதிபரே படைகளின் தலைவர் என்ற இரண்டாம் பிரிவின் வாசகத்தைப் பலர் சுட்டுவார்கள். அதை உடனே திருத்திவிட வேண்டாம். அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் அதைத்தான் சுட்டினார்கள்.

அடுத்து 1947க்குத் திரும்புங்கள். தொழிலாளர் தகராறுகளைக் கையாள்வதற்கான டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை ட்ரூமன் தம் தடுப்பதிகாரத்தால் (வீட்டோ) நிராகரித்தபோது, காங்கிரஸின் இரு அவைகளான பிரதிநிதிகள் அவை 331-83 என்றும் செனட் 68-25 என்றும் வாக்களித்து அதை மீண்டும் நிறைவேற்றின. அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்ததா என்பதை மாணவர்களே கணக்கிடட்டும்: வாக்களித்த 414 பேரில் 276, 93 பேரில் 62 வேண்டும். தடுப்பதிகாரம் முறியடிக்கப்படுவதைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. ஆலைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அச்சட்டத்தில் சேர்க்க வந்த திருத்தத்தைக் காங்கிரஸ் அப்போது ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுங்கள். வழக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் பாடவேளையில் வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். காங்கிரஸ் குழுவினர்தான் அதிகம் திணறுவார்கள். ஏனெனில், ட்ரூமன் தம் ஆணையைப் பற்றி முறைப்படி தெரிவித்த பின்னும் காங்கிரஸ் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்ற விவாதத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

தீர்ப்பைக் கடைசியில்தான் வெளியிட வேண்டும். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ஆணையைச் செல்லாததாக்கியது. நீதிபதி ஜாக்சன் தம் தனிக் கருத்துரையில் வகுத்த மூன்று நிலைகளைப் படிக்கட்டாக வரைந்து காட்டுங்கள். காங்கிரஸின் அனுமதியோடு செயல்படும் அதிபர் மேல் படியிலும், அது மௌனமாக இருக்கையில் செயல்படுபவர் நடுவிலும், அதன் விருப்பத்துக்கு மாறாகச் செயல்படுபவர் கீழ்ப் படியிலும் நிற்கிறார். ட்ரூமனை எந்தப் படியில் நிறுத்துவது என்று மாணவர்கள் கைதூக்கி முடிவு செய்யட்டும். ட்ரூமனே நியமித்த நான்கு நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள் என்ற செய்தி, நீதித்துறையின் சுதந்திரத்தை ஒரு பக்க விளக்கத்தைவிடத் தெளிவாக உணர்த்தும்.

மதிப்பீட்டுக்கு வரையறைகளைக் கேட்காதீர்கள். படையோ கருவூலமோ கையில் இல்லாத நீதிமன்றத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ட்ரூமன் ஆலைகளை உடனே திருப்பித் தந்தார். அதன்பின் வேலைநிறுத்தம் 53 நாள் நீடித்தது. அவர் ஏன் கட்டுப்பட்டார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்கள்.