ரூம் அப்கிரேட்டுக்குப் பணம் கட்டும் முன்: செந்தோசாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 7 மணிக்குத்தான். செந்தோசாவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவை மூடுவதும் பல நாள்களில் அந்த நேரத்தை ஒட்டித்தான். காலையில் உள்ளே போய், மூடும்வரை சுற்றி, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு அறைக்கு வந்தால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. கடல் தெரியும் அறை என்று கூடுதலாகக் கட்டிய பணத்துக்கு, மறுநாள் பெட்டி கட்டும் அவசரத்தில் திரையை விலக்கிப் பார்க்கும் சிறிது நேரம்தான் மிச்சம். ஓர் இரவு மட்டும் தங்கும் குடும்பங்கள் அதிகமாகப் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

காட்சிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா வெயிலில் நாள் முழுக்க நடக்க முடியாது, அவர்கள் மதியமே அறைக்குத் திரும்பிவிடுவார்கள் என்றால், அந்த ஜன்னல் அவர்களுடையது. பகலில் அறையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் இல்லை என்றால் காட்சிக்குக் காசு வேண்டாம்.

அடுத்தது விலை. முன்பதிவு செய்த பிறகு ஹோட்டலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: இன்னும் 80 வெள்ளி சேர்த்தால் பெரிய அறை. அந்த 80-க்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறிகள் இருந்தால் கணக்கே வேறு. முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 88 வெள்ளி ஆகிறது. அந்த 88-க்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. மொத்தம் 95 வெள்ளி 92 காசு. அதுவும் ஓர் இரவுக்கு. இரண்டு இரவு என்றால் 191 வெள்ளி 84 காசு. மின்னஞ்சலில் 80 என்று பார்த்தவர் கையை விட்டுப் போவது கிட்டத்தட்ட 200. நீங்களே ஒரு தொகையைச் சொல்லி ஏலம் கேட்கும் முறையும் சில ஹோட்டல்களில் உண்டு. அங்கே பெரும்பாலும் நீங்கள் சொல்வது ஓர் இரவுக்கான தொகை, அவர்கள் ஏற்றுக்கொண்டால் அட்டையிலிருந்து பணம் போய்விடும், திரும்பி வராது. பொத்தானை அழுத்துவதற்கு முன் சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள்.

இனி பெரிய குழப்பத்துக்கு வருவோம். ‘நல்ல அறை எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டாமாமே’ என்று பலர் கேட்கிறார்கள். இந்த எண்ணம் அமெரிக்கப் பயணக் காணொளிகளிலிருந்து வருகிறது. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் யூனிவர்சலின் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு, நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வரிசையில் போகும் எக்ஸ்பிரஸ் வசதி இலவசமாகக் கிடைக்கிறது. அதே ஊரில் டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்கள் பூங்கா திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாக உள்ளே போகலாம். தோக்கியோ டிஸ்னி ஹோட்டல்களில் அது 15 நிமிடம். இதில் எதுவும் அறையின் தரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அந்த ஹோட்டல்களில் ஆகக் குறைந்த வாடகை அறையில் இருப்பவருக்கும் அதே சலுகைதான், தனி வரவேற்பறையோடு வரும் ‘சூட்’ (suite) எடுத்தவருக்கும் அதே சலுகைதான். ஹோட்டலைத் தேர்ந்தெடுத்த கணமே சலுகையும் முடிவாகிவிடுகிறது. அறையை எவ்வளவு உயர்த்தினாலும் வரிசை ஒரு அடி குறையாது.

சிங்கப்பூரில் எக்ஸ்பிரஸ் தனியாக விற்கப்படுவது, நாளுக்கு நாள் விலை மாறும். ஹோட்டல் தொகுப்பில் அது சேர்ந்திருந்தால் தொகுப்பிலேயே எழுதியிருப்பார்கள், எழுதவில்லை என்றால் இல்லை. ஆகவே ஜூன் விடுமுறையிலோ ஆண்டு இறுதி விடுமுறையிலோ போகிறவர்கள் அந்த 95 வெள்ளியை அறைக்குப் போடுவதா எக்ஸ்பிரஸுக்குப் போடுவதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உயரமான பிள்ளைகள் என்றால் நான் எக்ஸ்பிரஸ் பக்கம்தான். சின்னப் பிள்ளைகள் என்றால் அதுவும் வேண்டாம்: பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும், மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அறையை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. யூனிவர்சல் இருக்கும் ரிசோர்ட்ஸ் வோர்ல்ட் வளாகத்தில் எல்லாம் பக்கம் பக்கம் என்று நினைக்கிறோம். ஹோட்டல் மைக்கேல், ஹோட்டல் ஓரா இரண்டும் யூனிவர்சல் பக்கம். இக்குவேரியஸ் மேற்கு ஓரத்தில், மரங்களுக்கு நடுவே, அட்வெஞ்சர் கோவ் நீர்ப் பூங்காவை ஒட்டி இருக்கிறது. அமைதி வேண்டும், தண்ணீரில் விளையாட வேண்டும் என்றால் அது அருமையான இடம், நனைந்த துணியோடு அறைக்கு வர அதிக தூரம் நடக்க வேண்டாம். ஆனால் போவது யூனிவர்சலுக்கு, தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும் என்றால், பக்கத்து ஹோட்டலின் சாதாரண அறைதான் உண்மையான அப்கிரேட்.

சரி, ஆறு பேர் வருகிறார்கள். தாத்தா, பாட்டி, நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். இந்தக் கணக்கில்தான் சூட் நம்மை இழுக்கும்: வரவேற்பறை உண்டு, சோபா பெட் உண்டு, எல்லாரும் ஒன்றாக இருக்கலாம். காலை எட்டரை மணியை நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்குப் பூங்கா திறக்கிறது. பாட்டி குளித்துத் திருநீறு இட்டுக்கொள்ளாமல் வெளியே வர மாட்டார். தாத்தா உள்ளே போனால் அரை மணி நேரம். சின்னவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். பல சூட்களில் குளியலறை ஒன்றுதான், எவ்வளவு பளிங்கு போட்டிருந்தாலும் ஒன்றுதான். அதே பணத்துக்கு, சில நாள்களில் அதைவிடக் குறைவாகவே, இரண்டு சாதாரண அறைகள் கிடைக்கும். இரண்டு குளியலறை, நாலு நல்ல படுக்கை, பெரியவர்கள் ஒன்பது மணிக்கே விளக்கணைத்துப் படுக்க ஒரு தனிக் கதவு. மூத்தவர்களோடு போகிறவர்களுக்கு நான் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். சோபா பெட்டில் படுப்பது கடைசியில் எப்போதும் தாத்தாதான், மறுநாள் முதுகுவலியோடு நடப்பதும் அவர்தான்.

இரண்டு அறை எடுக்கும்போது இடையில் கதவு உள்ள அறைகளைக் கேளுங்கள். அதைப் ‘பக்கத்துப் பக்கத்து அறை’ என்று கேட்டால் போதாது. எதிரெதிர் அறையும் அவர்களுக்குப் பக்கம்தான். முன்பதிவில் அது ஒரு வேண்டுகோளாக மட்டும் பதிவாகியிருந்தால் உறுதி கிடையாது, ஒரு வாரம் முன்னால் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

லவுஞ்ச் (சாப்பாடும் பானமும் தரும் தனிக் கூடம்) வசதியோடு வரும் அறைகளைப் பற்றிச் சுருக்கமாக: மாலை நேர லவுஞ்சில் முக்கிய ஈர்ப்பு பெரும்பாலும் மதுதான். மது அருந்தாத, சைவம் சாப்பிடும் குடும்பத்துக்கு அது வீண். மாலையில் பிள்ளைகளை அனுமதிக்காத லவுஞ்சும் உண்டு. காலை உணவுக்காக என்றாலும், செந்தோசா ரயிலில் ஏறினால் விவோசிட்டி கடைத்தொகுதியில் கோப்பியும் ரொட்டியும் சில வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

அறையே சுற்றுலாவாக இருக்கும் இடங்கள் தனிக் கணக்கு. ரிசோர்ட்ஸ் வோர்ல்டில் ஓஷன் சூட் என்று இரண்டு அடுக்கு அறைகள் உண்டு, கீழ்த்தளப் படுக்கையறையின் சுவரே மீன்கள் நீந்தும் கண்ணாடி. விலங்குத் தோட்டம் இருக்கும் மண்டாயில் 2025-இல் திறந்த பேன்யன் ட்ரீ ரிசோர்ட்டில் 24 மரவீடுகள். மலேசியாவின் ஜோகூரில் லெகோலாண்ட் ஹோட்டலில் பிள்ளைகளுக்குத் தனி மூலையும் அடுக்குக் கட்டிலும் உண்டு (அங்கே வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும்). இவற்றுக்குச் செலவழிப்பதை நான் தவறென்று சொல்லவே மாட்டேன். தவறு, அதே நாளுக்குப் பூங்கா டிக்கெட்டும் வாங்குவது. மாலை 3 மணிக்கு மேல்தான் சாவி, மறுநாள் மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும். நடுவில் ஒரு நாள் முழுக்கப் பூங்காவில் கழித்தால், தூங்கும் உங்களைத்தான் மீன்கள் பார்க்கும். இப்படிப்பட்ட அறை எடுத்தால் அன்றைக்கு வேறு எதுவும் வைக்காதீர்கள், சாவி கிடைத்த நிமிடமே உள்ளே போய்விடுங்கள்.

கடைசியாக, இலவச அப்கிரேட். விடுமுறை இல்லாத வார நாள்களில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் என்றால் அவர்களின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யுங்கள், வேறு தளங்களில் வாங்கிய அறைக்கு உறுப்பினர் சலுகை பெரும்பாலும் செல்லாது. கவுண்டரில் ‘உங்களுக்குப் பெரிய அறை கொடுத்திருக்கிறோம்’ என்று சிரித்த முகத்தோடு சொன்னால் நன்றி சொல்வதற்கு முன் கட்டில் எத்தனை என்று கேளுங்கள். உயர்ந்த வகை அறைகள் பலவற்றில் ஒரே ஒரு பெரிய கட்டில்தான். இரண்டு கட்டில் பதிவு செய்த நாலு பேர் அதில் ஏறிப் படுக்க முடியாது, கூடுதல் கட்டில் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம். அப்படியென்றால் ‘பரவாயில்லை, நாங்கள் பதிவு செய்த அறையே போதும்’ என்று தயங்காமல் சொல்லலாம். கவுண்டரில் இருப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.