ஃபெதரிலிருந்து திரும்பாத புரொப்பெல்லர்: என் அனுபவம்

பயிற்சிக்காகப் பறக்கும்போது இடது இயந்திரத்தை நிறுத்தி, அதன் புரொப்பெல்லரை ஃபெதர் செய்தோம், அதாவது இலைகளை (பிளேடுகளை) காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பினோம். பழைய நிலைக்குக் கொண்டுவர நெம்புகோலை முன்னே தள்ளியும் அவை அசையவில்லை. அப்புறம் ஸ்டார்ட்டர் போட்டுத்தான் இயந்திரத்தைக் கிளப்பினோம்.

தரையில் முதலில், இலைகளின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத்தான் சந்தேகப்பட்டேன், பாவம்! எங்கள் விமானத்தில் இலைகளைக் குறைந்த கோணத்துக்குத் தள்ளுவது எண்ணெய் அழுத்தம். ஃபெதர் பக்கம் இழுப்பது ஸ்பிரிங்கும் எதிர் எடைகளும். இயந்திரம் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நிற்கும். அதற்குத்தான் அக்யூமுலேட்டர் என்ற அழுத்தச் சேமிப்புக் கலன்: ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் சுமார் 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எண்ணெய். ஃபெதர் செய்ததும் வால்வு அந்த எண்ணெயைப் பூட்டிவைக்கும். நெம்புகோல் முன்னே வந்ததும் நைட்ரஜன் அதை புரொப்பெல்லரின் நடுப்பகுதியான ஹப்புக்குத் தள்ளும்.

எண்ணெய் அழுத்தம் இறங்கிய பிறகு நைட்ரஜன் பக்கம் கேஜ் (அழுத்தமானி) வைத்தேன். நைட்ரஜன் காலி. கொஞ்சம் நிரப்பிச் சோப்பு நீர் தடவினால், நைட்ரஜன் நிரப்பும் வால்வின் கோரில் (உள் அடைப்பானில்) குமிழி. கோரை மாற்றி, கையேட்டு அளவுக்கு நிரப்பினோம். அடுத்த பறப்பில் இலைகள் திரும்பின, காற்றே சுழற்றியது, ஸ்டார்ட்டரைத் தொடவில்லை.