முன் சக்கரம் ஒன்று பின்தள்ளி நிற்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகோ, நடைபாதை விளிம்பில் இடித்த பிறகோ, காரின் ஒரு முன் சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சற்றுப் பின்னால் நிற்பதுண்டு. இதைக் கண்டுபிடிக்கப் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதே தவறுகள், அதே வரிசை. வண்டிக்கு அடியில் போகும் முன் ஸ்டாண்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஃபெண்டரை நம்பி அளப்பது

டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்தைச் சுற்றி மேலே உள்ள பாடித் தகடு) நடுவே விரலை விட்டுப் பார்த்து, “இந்தப் பக்கம் இடைவெளி குறைச்சல்” என்று முடிவு சொல்லிவிடுகிறார்கள். ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டிய தகடு. போல்ட் துளைகள் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். ஒரு முறை கழற்றி மாட்டியிருந்தாலே சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதை வைத்துச் சக்கரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். முன் ஹப்பின் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) நடுவிலிருந்து பின் ஹப்பின் நடு வரை இரண்டு பக்கமும் அளங்கள். டேப்பை நேராகப் பிடிக்க முடியாவிட்டால் ஹப்பின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். அப்புறம் வண்டியைத் தள்ளிவிட்டு, தரையில் உள்ள நான்கு புள்ளிகளையும் பக்கவாட்டிலும் குறுக்காகவும் அளந்துகொள்ளலாம். சில மில்லிமீட்டர் வித்தியாசம் அடிபடாத வண்டியிலும் இருக்கும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

முதலில் அலைன்மென்ட் போட்டுவிடுவது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சக்கரம் பின்னால் நிற்கிறது, ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றதும் நேராக அலைன்மென்ட் மெஷினில், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து திருத்த உதவும் மெஷினில், ஏற்றிவிடுகிறார்கள்.

மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உள்ள பெரும்பாலான கார்களில் முன்பக்கம் நம்மால் திருப்பக்கூடியது டோ மட்டும்தான், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகினால் சக்கரம் பார்க்கும் திசை மாறும். சக்கரம் நிற்கும் இடம் மாறாது. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தால் வளைந்தபடியே இருக்கும். ஆனால் ஸ்டியரிங் நேராகிவிடும், தாளில் எண்கள் பச்சையாகிவிடும் (சரியான அளவுக்குள் என்று அர்த்தம்), வண்டிக்காரர் நிம்மதியாகப் போய்விடுவார். கோளாறு உள்ளே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த அடையாளத்தை மட்டும் அழித்துவிட்டோம்.

அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. வலது முன் சக்கரம் கண்ணுக்கே தெரியும்படி பின்னால் நிற்கிறது. “ஸ்டியரிங் நேராத்தான் இருக்குங்க. ஆனா கொஞ்சம் கையை விட்டா வலது பக்கம் போகுது” என்றார் ஓட்டி வந்தவர். வேறு இடத்தில் அலைன்மென்ட் போட்ட தாளும் வைத்திருந்தார். டோ பச்சை. காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) இருக்க வேண்டிய கட்டம் காலி. காஸ்டர் அளக்கச் சக்கரத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. கீழே படுத்து டை ராடுகளைப் பார்த்தேன். லாக் நட்டுக்கு வெளியே ஒரு பக்கம் மரை நீளமாகத் தெரிந்தது. மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் மரை ஏறக்குறைய ஒரே அளவு தெரிய வேண்டும். இவ்வளவு வித்தியாசம் என்றால் எதையோ மறைக்கத் திருகியிருக்கிறார்கள்.

ஆர்மைக் கழற்றி, புதியதன் மேல் வைத்துப் பார்த்தபோது சக்கரப் பக்கத்து பால் ஜாயின்ட் முனை பின்பக்கமாக வளைந்திருந்தது. ஸ்ட்ரட்டின் மேல்முனை அதே இடத்தில் இருக்க, கீழ்முனை பின்னால் போனால் காஸ்டர் குறையும். வண்டி காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். அந்தக் காலிக் கட்டத்தில் எண் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். புது ஆர்ம் போட்ட பிறகு டோ மறுபடி கெட்டுப்போக, அலைன்மென்டுக்கு அவர் இரண்டாம் முறை பணம் கொடுத்தார்.

ஆகவே மெஷினில் ஏற்றலாம், திருகக் கூடாது. எதையும் தொடும் முன் காஸ்டர், கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே, வெளியே சாயும் கோணம்), கிங்பின் சாய்வு (அதேபோல் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), செட்பேக் (ஒரு சக்கரம் மற்றதைவிடப் பின்னால் நிற்கும் அளவு) எல்லாவற்றையும் எடுத்துத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கேம்பர் உள்ளே போயிருக்க, மறுபக்கம் ஏறக்குறைய அதே அளவு வெளியே போயிருந்தால், சப்ஃப்ரேம் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேம்பரையும் கிங்பின் சாய்வையும் கூட்டி வரும் அளவு ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் ஸ்ட்ரட் அல்லது ஹப்பைத் தாங்கும் நக்கிள் வளைந்திருக்கும். சக்கரம் பின்னால் இருந்தும் காஸ்டர் மாறவில்லையா? ஸ்ட்ரட் மேலே உட்காரும் இடமும் சேர்ந்து நகர்ந்திருக்கலாம். அது பாடி வேலை.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளப்பது

சஸ்பென்ஷன் இன்னும் உட்காரவில்லை. உருட்டிவிட்டு அளங்கள்.

புஷ்ஷைக் கண்ணால் மட்டும் பார்ப்பது

லோயர் ஆர்மின் பின் புஷ் (ஆர்மைச் சப்ஃப்ரேமோடு இணைக்கும் ரப்பர் மூட்டு) கிழிந்தால், நிற்கும்போது சக்கரம் சரியான இடத்திலேயே இருக்கலாம். பிரேக் பிடித்ததும் பின்னால் ஓடும். வெறுமனே எட்டிப் பார்த்தால் ரப்பர் முழுசாகத்தான் தெரியும். கடப்பாரை போன்ற கம்பியை ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவே கொடுத்து நெம்பினால்தான் விரிசல் வாய் திறக்கும். புது புஷ் போட்ட பிறகு, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்காதீர்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு முடுக்க வேண்டும்.

வளைந்த ஆர்மைச் சூடாக்கி அடித்து நிமிர்த்துவது

கூடவே கூடாது. மாற்றுங்கள்.

பின் சக்கரத்தை மறப்பது

இரண்டு பக்க அளவும் வேறு என்றால் முன் சக்கரம்தான் நகர்ந்தது என்று அர்த்தமில்லை. பின் ஆக்சில் நகர்ந்திருந்தாலும் அதே வித்தியாசம்தான் வரும். வடிவமைப்பே அப்படி இருக்கும் வண்டிகளும் உண்டு: 1961-இல் வந்த ரெனோ 4-இல் பின் டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் கம்பிகள்) ஒன்றின் பின் ஒன்றாகக் கிடப்பதால் இடது, வலது வீல்பேஸ் (முன், பின் சக்கர நடுக்களுக்கு இடையிலான தூரம்) 48 மில்லிமீட்டர் வித்தியாசப்படும். எனவே அடிப்பகுதியில் இரு பக்கமும் ஒத்திருக்கும் தொழிற்சாலைத் துளைகளைப் பிடித்து, அங்கிருந்து முன் ஹப்புக்குத் தனியாக, பின் ஹப்புக்குத் தனியாக அளங்கள். எந்த அளவு இடது, வலதுக்கு ஒத்துப்போகவில்லையோ, அந்த முனையில் கழற்றத் தொடங்குங்கள்.