நெட் இல்லாத ஊருக்கு கேம் பெட்டியைத் தூக்கிப் போகிறீர்களா?

போன வாரம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். செகண்ட் ஹேண்டில் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி) வாங்கி, லீவுக்குச் சொந்த ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஒரு கேமும் திறக்கவில்லையாம். "நெட் இல்லைன்னா ஆடவே முடியாதாண்ணே?" என்று கேட்டான். தாராளமாக முடியும். கிளம்பும் முன் செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டான், அவ்வளவுதான். நானும் விட்டவன் என்பதால் திட்டவில்லை. ஒயர் சரியாகச் செருகவில்லை, ஜாய்ஸ்டிக்கில் சார்ஜ் இல்லை போன்ற கதைகளை இங்கே பேசப்போவதில்லை. நெட் இல்லாத ஊருக்குப் பெட்டியோடு போகிறவர்கள் செய்யும் தப்புகள் மட்டும்தான்.

பிரைமரி ஆக்காமல் கிளம்புவது

சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு என் பிஎஸ்4-ஐப் பழைய சேலையில் சுற்றி எடுத்துப்போனேன். உள்ளே டவுன்லோடாக வாங்கிய ஆறு கேம், 9,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவை. டிவியில் மாட்டி ஆன் செய்தால் ஆறு படத்திலும் சின்னதாக ஒரு பூட்டு. அண்ணன் மகன் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "சாவி எங்க சித்தப்பா?" என்றான்.

சாவி கோயம்புத்தூரில் இருந்தது. டவுன்லோட் கேமின் உரிமை பெட்டியில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பிஎஸ்4-ஐத்தான் பிரைமரி என்று பதியலாம். அந்தப் பெட்டி மட்டும் நெட் வழியாக சோனியின் சர்வரைக் கேட்காமல் கேமைத் திறக்கும். மற்றது எதுவானாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் திறக்கும். நானும் அண்ணனும் ஒரே கணக்கு. பிரைமரியாக இருந்தது கோவையில் அவர் வீட்டுப் பெட்டி. மதுரையில் என் வீட்டில் வைஃபை ஓயாமல் ஓடியதால் இது என் கண்ணில் படவே இல்லை. இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். நெட் இருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே காட்டும்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டேன். பூட்டு போனது. சிக்னல் விழுந்து, அடுத்த கேமைத் திறக்கப் போனால் மறுபடி பூட்டு. அண்ணன் தன் பெட்டியில் பிரைமரியை எடுத்துவிடலாம்தான். ஆனால் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். பெட்டி பூட்டிய வீட்டுக்குள். இணையதளம் வழியாகவும் எல்லாப் பெட்டியையும் மொத்தமாக நீக்கலாம். ஆனால் அது 6 மாதத்துக்கு ஒரு முறைதான். அந்த ஒரு முறையை வேறொரு குளறுபடிக்கு ஏற்கெனவே செலவழித்திருந்தேன். நாலு நாளும் டிவியில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்த்தோம்.

பிஎஸ்4-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் போனால் 'ஆக்டிவேட் அஸ் யுவர் பிரைமரி பிஎஸ்4' இருக்கும். பிஎஸ்5-இல் அதன் பெயர் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே'. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்'. அதை வருடத்துக்கு 5 முறைதான் மாற்ற விடுவார்கள்.

அப்புறம் ஒரு சோதனை. கிளம்புவதற்கு முந்தின நாள் நெட்டைத் துண்டியுங்கள். பெட்டியை முழுசாக ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், ரெஸ்ட் மோட் (பெட்டியை அரைத் தூக்கத்தில் விடுவது) கணக்கில் வராது. பிறகு ஒவ்வொரு கேமையும் திறந்து பத்து நிமிடம் ஆடுங்கள். மெனு வந்ததுமே சரி என்று எழுந்துவிடாதீர்கள். சில கேம் மெனுவைக் காட்டிவிட்டு அதற்கப்புறம்தான் நெட் கேட்கும்.

செகண்ட் ஹேண்டில் விற்பவர் '25 கேம் ஏத்தியிருக்கு' என்றதும் மயங்குவது

திருமங்கலத்துத் தம்பி விழுந்தது இதில்தான். அந்த 25-ம் விற்றவருடைய கணக்கில் இருப்பவை. அவர் பிரைமரியை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டால், நீங்கள் அடுத்து நெட்டில் இணையும்போது பூட்டு விழும். கேமுக்கென்று தனியாகக் காசு கேட்டால் டிஸ்க்காகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

டிஸ்க் இருந்தால் போதும் என்பது

பெரும்பாலும் போதும். எப்போதும் அல்ல. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமை டிஸ்க்கில் வாங்கினாலும் பெரும்பகுதி நெட் இல்லாமல் திறக்காது. 2022 மார்ச்சில் சர்வர் ஒரு நாளுக்கு மேல் படுத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிஎஸ்5 ஸ்லிமுக்குத் தனியாக வாங்கி மாட்டும் டிஸ்க் டிரைவையும் முதல் தடவை நெட்டில் இணைத்துத்தான் பதியவேண்டும். ஊரில் போய்ப் பெட்டியைப் பிரித்து மாட்டலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

ஊரில் போய் டவுன்லோட் செய்யலாம் என்பது

கேம் 50 ஜிபி. ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 2 ஜிபி.

சிஸ்டம் அப்டேட்டுக்கு நெட் வேண்டும் என்பது

வேண்டாம். பிஎஸ்4-க்கு பென்டிரைவில் பிஎஸ்4 என்றொரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்றொரு ஃபோல்டர், இரண்டின் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். நெட் உள்ள இடத்தில் சோனி தளத்திலிருந்து இறக்கிய ஃபைலை அதில் போட்டு, பெட்டியில் செருகி அப்டேட் கொடுத்தால் முடிந்தது.

ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டுத் தூங்குவது

கரண்ட் போகிற ஊர். ஆஃப் செய்யுங்கள்.