ரைன் எல்லைப் போர்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி

பிற்கால ரோமின் எல்லைப் போர்களைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் டான்யூபுக்கு அக்கரையிலிருந்து வந்த கோத்துகளிடம் ரோம் தோற்ற 378ஆம் ஆண்டு ஏட்ரியானோபிள் போரிலோ, 410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டதிலோ ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் அதற்கு முன்னால் நடந்த எல்லாமே வீழ்ச்சிக்குப் போகிற படிக்கட்டாகத்தான் தெரியும், அந்தக் காலத்து ஆட்களுக்கோ அப்படி எதுவும் தெரியாது. நீங்கள் 350இல் ஆரம்பியுங்கள். எல்லை உடைந்த ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த நேரத்தில் ரோமுக்குள்ளே யாரோடு யார் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்?

முதல் வேலை வரைபடம். அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஒரு தாளில் நீங்களே வரைவது நல்லது. ரைன் நதியைப் போட்டு, தெற்கிலிருந்து வடக்காக பாசல், ஸ்ட்ராஸ்பர்க், மைன்ஸ், பான், கொலோன் என்று இன்றைய ஊர்ப்பெயர்களையே குறித்துக்கொள்ளுங்கள், எல்லாமே ரோமானியக் கோட்டைகளோ ஊர்களோ இருந்த இடங்கள். டான்யூபும் ரைனும் தலைப்பகுதியில் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். அந்த இடுக்கில் இருந்த நிலத்தை, இன்றைய தென்மேற்கு ஜெர்மனியை, ரோம் 260களிலேயே கைவிட்டுவிட்டது. அப்புறம் அங்கே குடியிருந்தவர்கள்தான் அலமன்னிகள். அதாவது அவர்கள் எங்கோ காட்டுக்குள்ளிருந்து திடீரென்று வந்தவர்கள் இல்லை, நதிக்கு அக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அண்டை வீட்டுக்காரர்கள். குளிர்காலத்தில் ரைன் உறைந்தால் நடந்தே கடந்துவிடலாம் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்றில் ரோமானிய உள்நாட்டுப் போர்கள், இன்னொன்றில் எல்லை மீறல்கள். 350இல் மேக்னென்டியஸ் என்ற தளபதி மேற்கில் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொள்கிறான், ஆட்சியிலிருந்த கான்ஸ்டன்ஸ் கொல்லப்படுகிறான். கிழக்கிலிருந்து கான்ஸ்டன்ஸின் அண்ணன் கான்ஸ்டான்டியஸ் வருகிறான். 351 செப்டம்பர் 28 அன்று முர்சாவில், இன்றைய குரோஷியாவின் ஓசியெக் நகரில், இரண்டு ரோமானியப் படைகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்க்கின்றன. ரைனைக் காக்க வேண்டிய ஆட்கள் அங்கே செத்துக் கிடக்கிறார்கள். இப்போது பக்கத்துப் பத்தியைப் பாருங்கள், அதே வருடங்களில்தான் அலமன்னிகளும், கீழ் ரைனுக்கு அக்கரையில் இருந்த ஃபிராங்குகளும் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக்குள் புகுந்து ஊர் ஊராகக் கொள்ளையடித்து ரைனின் மேற்குக் கரையிலேயே விதைத்து அறுக்க ஆரம்பிக்கிறார்கள். மதில் இடிக்கப்பட்ட ஊர்கள் சுமார் 45 என்று, கான்ஸ்டான்டியஸ் கால் நாட்டைக் காக்க அனுப்பிய உறவினன் ஜூலியன் பின்னால் எழுதுகிறான். மேக்னென்டியஸை முடக்க கான்ஸ்டான்டியஸே அலமன்னிகளுக்குக் கடிதம் எழுதி அழைத்தான் என்று லிபானியஸ் என்ற கிரேக்கப் பேச்சாளன் குற்றம் சாட்டுகிறான். லிபானியஸ் ஜூலியனின் ஆள், அதனால் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் இப்படி ஒரு குற்றச்சாட்டைச் சொன்னால் கேட்கிறவர்கள் நம்பியிருப்பார்கள் என்பதே அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

355க்கு வாருங்கள். கொலோனில் சில்வானஸ் என்ற தளபதி, அவனே ஃபிராங்க் வம்சத்தவன், அரசவைச் சூழ்ச்சியால் போலிக் கடிதத்தில் மாட்டிக்கொண்டு, இனி பிழைக்க வேறு வழியில்லை என்று பேரரசனாக அறிவித்துக்கொள்கிறான். 28 நாளில் கொன்றுவிடுகிறார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கொலோன் ஃபிராங்குகள் கையில். நோட்டில் இரண்டு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

சரி, இனி மூலநூல். அம்மியானஸ் மார்செலினஸை விட்டால் வேறு வழியில்லை. அந்தியோக்கியாவைச் சேர்ந்த கிரேக்கன், படை அதிகாரி, சில்வானஸைத் தீர்த்துக்கட்ட அனுப்பப்பட்ட குழுவிலேயே இருந்தவன். அவன் லத்தீனில் எழுதிய 31 பாகங்களில் முதல் 13 தொலைந்துவிட்டன, மிஞ்சியவை 353 முதல் 378 வரையான காலத்தைச் சொல்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், பாரசீகப் போர்களும் நீதிமன்ற வழக்குகளும் நடுவில் வந்து அலுத்துப்போய்விடும். 16ஆம் பாகத்தின் 12ஆம் அத்தியாயத்தை எடுங்கள், 357 ஆகஸ்டில் நடந்த ஸ்ட்ராஸ்பர்க் போர் அங்கே இருக்கிறது. இதை இரண்டு முறை படியுங்கள்.

முதல் வாசிப்பில் கதையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இருபது வயதுகளில் இருக்கிற ஜூலியன், வெயிலில் நீண்ட தூரம் நடந்து வந்த படையை இன்று ஓய்வெடுக்கச் சொல்கிறான், வீரர்களோ இப்போதே போவோம் என்று கேடயத்தை ஈட்டியால் தட்டுகிறார்கள். எதிரே அலமன்னிகளின் ஏழு அரசர்கள், அவர்களுக்குத் தலைமை க்னோடொமார். போருக்கு முன்னால் அலமன்னி காலாட்படையினர் கூச்சல் போட்டு இளவரசர்களைக் குதிரையை விட்டு இறங்கச் சொல்கிறார்கள், தோற்றால் எங்களை விட்டுவிட்டு ஓடிவிடுவீர்கள் என்று. க்னோடொமார் முதலில் குதிக்கிறான். இந்தப் பக்கம் ரோமானியக் குதிரைப்படை சிதறி ஓட, ஜூலியன் குறுக்கே போய்த் தடுத்துத் திருப்புகிறான். கடைசியில் காலாட்படைதான் போரை ஜெயித்துக்கொடுக்கிறது.

இரண்டாவது வாசிப்பில் சந்தேகப்படுங்கள். ஜூலியனிடம் 13,000 பேர், எதிரிகள் 35,000, ரோமானியர்கள் இழந்தது 243 வீரர்களும் நான்கு அதிகாரிகளும், அலமன்னிகள் களத்தில் மட்டும் 6,000 என்கிறான் அம்மியானஸ். அவன் ஜூலியனைப் பூஜிக்கிறவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். என் கணிப்பில் ரோமானியத் தரப்பு எண்ணை நம்பலாம், எதிர்த்தரப்பு எண்ணை நம்பி எதையும் கட்டக் கூடாது. அப்புறம் ஜூலியனிடம் ஏன் 13,000 பேர் மட்டும்? தெற்கே 25,000 பேரோடு இருந்த பார்பாடியோ என்ற ரோமானியத் தளபதி, இருவரும் சேர்ந்து இடுக்கிபோல் நெருக்க வேண்டிய திட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஜூலியன் பக்கம் படை குறைவு என்று அலமன்னிகளுக்குச் சொன்னவன், தண்டனைக்குப் பயந்து ஓடிய ஒரு ரோமானியச் சிப்பாய். மறுபடி அதே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அடுத்தது, 'ஜெர்மானியர்' என்று மொத்தமாகச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், யார், எந்தக் கரை, யாரிடம் சம்பளம் வாங்கினான் என்று. ஸ்ட்ராஸ்பர்க்கில் ரோமானிய வரிசையில் நின்ற படைப்பிரிவுகளில் ஒன்று ரைன் முகத்துவாரத்து ஜெர்மானியரான பட்டாவியர், அதே ரோமானிய வரிசையில் எழுந்த 'பாரிட்டஸ்' என்ற போர் முழக்கமே ஜெர்மானியருடையது. வடோமாரியஸ் என்ற அலமன்னி அரசனை 361இல் விருந்துக்கு வந்த இடத்தில் கைது செய்கிறார்கள், சில வருடம் கழித்துப் பார்த்தால் அவன் கிழக்கே ஃபினீசியாவில் ரோமின் எல்லைத் தளபதி! இதைப் புரிந்துகொள்ளாமல் 'நாகரிகம் எதிர் காட்டுமிராண்டி' என்று படித்தால் பாதி சம்பவங்களுக்கு அர்த்தமே இருக்காது.

போர்க்களத்தைவிட அதிக நேரம் தானியத்துக்கும் பரிசுக்கும் கொடுங்கள், நிறையப் பேர் தாண்டிப் போகிற பகுதி இதுதான். ஸ்ட்ராஸ்பர்க் வெற்றிக்குப் பிறகு ஜூலியன் செய்த பெரிய காரியம் பிரிட்டனிலிருந்து ரைன் வழியாகத் தானியம் கொண்டுவந்தது. 600 கப்பல், அதில் 400 புதிதாகக் கட்டியவை என்று அவனே எழுதுகிறான். 359இல் ரைன் கரையில் ஏழு ஊர்களை மீட்டு, எரிந்துபோன களஞ்சியங்களைத் திரும்பக் கட்டுகிறான். எதிர்த்தரப்புக்கு என்ன தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டுமா, நொய்போட்ஸ் புதையலின் படங்களைத் தேடுங்கள். 3ஆம் நூற்றாண்டில் கொள்ளையர்கள் ரைனைக் கடக்கும்போது நதியில் போன 1000க்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இருக்கின்றன, பாத்திரங்கள், கருவிகள், வண்டியின் இரும்புச் சாமான்கள் என்று உலோகம் எதுவானாலும் அள்ளியிருக்கிறார்கள்.

பரிசுக் கணக்கு இன்னும் முக்கியம். 364இல் மேற்குப் பேரரசன் வாலன்டினியனின் அரசவைக்கு வந்த அலமன்னித் தூதர்களுக்கு வழக்கத்தைவிடக் குறைவான, மட்டமான பரிசுகளைக் கொடுத்து உர்சாடியஸ் என்ற அதிகாரி கேவலமாகவும் நடத்துகிறான். அவர்கள் அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ரைன் எல்லையில் போர். 374இல் டான்யூபுக்கு அப்பால் வாழ்ந்த குவாடிகள் என்ற மக்களின் நிலத்திலேயே ரோமானியர்கள் கோட்டை கட்டுகிறார்கள். அதைப் பணிவாக ஆட்சேபிக்க வந்த அரசன் காபினியஸைச் சாப்பிடக் கூப்பிட்டு, சாப்பிட்டு எழுந்து போகும்போது கொல்கிறார்கள். குவாடிகள் அறுவடை நேரத்தில் ஆற்றைத் தாண்டி வந்து கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தார்கள். மறு ஆண்டு நவம்பர் 17 அன்று, அதே குவாடிகளின் தூதர்கள் முன்னால் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தபோதே வாலன்டினியன் சரிந்து செத்தான். காபினியஸ் கதையைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது, இத்தனைக்கும் அதைப் பதிவு செய்தவன் ஒரு ரோமானிய அதிகாரி.

இவ்வளவும் ஆன பிறகு டான்யூபுக்குப் போங்கள், 31ஆம் பாகம். 376இல் ஹூணர்களுக்குப் பயந்து நதியைக் கடக்க அனுமதி கேட்ட கோத்துகளை உள்ளே விட்டுவிட்டு, லூபிசினஸ், மாக்சிமஸ் என்ற ரோமானிய அதிகாரிகள் பட்டினி கிடந்தவர்களுக்கு நாய்களைக் கொடுத்து, ஒரு நாய்க்கு ஒரு ஆள் என்று அடிமைகளாக வாங்கினார்கள். பரிசும் தானியமும் பற்றி எழுதிய குறிப்புகள் கையில் இருந்தால் 378 ஆகஸ்ட் 9 அன்று நடந்த ஏட்ரியானோபிள் போர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அந்தப் பாகத்தில் 10ஆம் அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். லென்டியன்ஸ் என்ற அலமன்னிப் பிரிவைச் சேர்ந்தவன் ஒருவன் மேற்குப் பேரரசன் கிரேஷியனின் மெய்க்காவல் படையில் வேலை செய்கிறான், சொந்த வேலையாக ஊருக்குப் போனவன், பேரரசன் சீக்கிரமே கிழக்கே போகப் போகிறான் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறான். பிப்ரவரியில் அவன் சொந்தக்காரர்கள் உறைந்த ரைனைக் கடக்க, அவர்களை அடக்கிவிட்டுக் கிரேஷியன் புறப்படத் தாமதமாகிறது. ஏட்ரியானோபிளில் கிழக்குப் பேரரசன் வாலன்ஸ் அவனுக்காகக் காத்திருக்காமல் களத்தில் இறங்கினான். இந்த இடத்துக்கு வந்ததும் முதல் நாள் வரைந்த தாளை எடுத்து, ரைனிலிருந்து ஏட்ரியானோபிளுக்கு, அதாவது இன்றைய துருக்கியின் எதிர்னேவுக்கு, ஒரு கோடு போட்டு, அந்தத் தூரத்தை நடந்து கடக்கிற ஒரு படைக்கு எத்தனை வாரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.