செட்டிநாட்டு நிலைக்கதவு: பழுதுபார்க்கும்போது செய்யக்கூடாதவை

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு செட்டிநாட்டு வீட்டின் முன் நின்றால் முதலில் கண்ணை இழுப்பது நிலைதான். பர்மாத் தேக்கு; மேலே சூரியப்பலகையில் (வாசலின் தலைமேல் வரும் செதுக்குப் பலகை) கஜலட்சுமி, சுற்றிலும் கொடியும் கிளியும். நூறு ஆண்டு வெயிலைத் தாங்கிய அந்த மரத்தை, கல்யாணத்துக்கு முந்தைய அவசரத்தில் ஒரே வாரத்தில் கெடுத்துவிடுகிறோம்.

எங்கள் உறவினர் வீட்டில் எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடித்தார்கள். காய்ந்தபின் பார்த்தால் லட்சுமியின் விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. துதிக்கைக்கும் கலசத்துக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளி அடைந்துவிட்டது. அதை எடுக்கிறேன் என்று மிஷின் வைத்துத் தேய்த்ததுதான் பெருங்கேடு. பெயின்டோடு உளி விட்டுச்சென்ற விளிம்பும் போய்விட்டது. பெயின்ட் ரிமூவரை முதலில் ஒரு மூலையில் பூசிப் பார்த்து, மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்திருந்தால் சிற்பம் பிழைத்திருக்கும்.

தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவாதீர்கள். இரண்டும் காய்ந்து இறுகாமல் தூசியைப் பிடித்து மரத்தைக் கறுக்க வைக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். நனைத்து, வெளியே விரித்துக் காயவையுங்கள்.

நிலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சுவரை மறந்துவிடுகிறார்கள். அது செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். அதைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை, மரத்துக்குள் இறங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் நிலைக்கால் அடியில் உளுத்துக்கொண்டிருக்கும். நிலைக்காலின் அடியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று ஓசை வந்தால் உடனே கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருப்பது மேல்.

மாவிலைத் தோரணத்துக்கும் கேமராவுக்கும் சிற்பத்தில் ஆணி அடிக்க வேண்டாம், சுவரில் அடிக்கலாம்.

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாடு இருக்கிறது. அதனால் நம் வீட்டு நிலைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பது தவறு. நூறாண்டுப் பழமையான நிலையைப் பெயர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. உள்ளூரில் கைமாறுவதோ பெரும்பாலும் பங்காளிகளின் சம்மதத்தைப் பொறுத்தே இருக்கிறது. எல்லோரும் வெளியூரில் இருக்க, ஒருவரே பேசி முடித்துவிடுகிற வீடுகள் உண்டு. நிலையை அளந்து, படமெடுத்து, பங்காளிகள் அத்தனை பேருக்கும் இப்போதே ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

நிலை போன வீடு ஒன்றைப் பார்த்தேன். இரும்பு கேட் போட்டிருந்தார்கள். சூரியப்பலகை இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, அதன்மேல் மின்சார மீட்டரை மாட்டியிருந்தார்கள்.