திமில் இருந்தா காங்கேயமா? சிலாஜிசம், அடிப்படையில இருந்து

என்ற அக்கா பையன் பேங்க் எக்ஸாமுக்கு படிக்கறானுங்க. போன ஞாயித்துக்கெழம வந்து, "மாமா, சிலாஜிசம் மட்டும் ஏறவே மாட்டேங்குது, ஷார்ட்கட் டேபிள் குடுத்திருக்காங்க, ராத்திரி படிச்சா காலைல மறந்துருது"ன்னான். சிலாஜிசம்னா ரெண்டு வரி குடுத்து, அதுல இருந்து மூணாவதா ஒரு முடிவு செல்லுமா செல்லாதான்னு கேக்கறது. டேபிள அக்கட்டால வை மாப்ள, பேப்பரும் பென்சிலும் எடுத்துட்டு வான்னு திண்ணைல உக்கார வெச்சு சொன்னதத்தான் இங்க எழுதறேன்.

1. வாக்கியத்த நேர் பண்ணுங்க

எப்படி சுத்தி வளைச்சு குடுத்திருந்தாலும் நாலு அச்சுல ஒண்ணுல அத உக்கார வெச்சரோணும். ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கலாம், வெரல் மாதிரி நீளமா இருக்கறது விரலி:

எல்லா விரலியும் மஞ்சள். (ஏ)
எந்த விரலியும் இஞ்சி இல்ல. (ஈ)
சில மஞ்சள் விரலி. (ஐ)
சில மஞ்சள் விரலி இல்ல, அது கிழங்கு மஞ்சள். (ஓ)

இந்த எழுத்தெல்லாம் (இங்கிலீஷ் A, E, I, O) லத்தீன்ல இருந்து வந்தது, ஆமாங்கறதுக்கு அஃபிர்மோ, இல்லைங்கறதுக்கு நெகோ, ரெண்டுலயும் இருக்கற உயிரெழுத்துங்கதான். மனப்பாடம் பண்ணாட்டியும் குடி முழுகிப் போயிறாது.

தமிழ்ல யோசிக்கறவங்களுக்கு வேற ஒரு குழி இருக்குது, மாப்ள விழுந்ததெல்லாம் அங்கதான். "எல்லா மாடும் காங்கேயம் இல்ல"ன்னு நாம சொன்னா என்ன அர்த்தம்? காங்கேயம் அல்லாத மாடும் இருக்குதுன்னு, அதாவது ஓ. ஆனா இவன் அத ஈ-ன்னு எடுத்து, ஒரு மாடு கூட காங்கேயம் இல்லைன்னு படம் போட்டு வெச்சிருக்கான். ஈ-ன்னா "எந்த மாடும்"னு வரோணும்.

"மட்டும்" வந்தா வாக்கியத்த திருப்பிப் போடுங்க. "விரலி மட்டும்தான் ஏலத்துக்கு வந்துச்சு"ன்னா ஏலத்துக்கு வந்ததெல்லாம் விரலி, அவ்வளவுதான், இருந்த விரலி பூராவும் வந்துருச்சுன்னு அதுக்கு அர்த்தம் கெடையாது. அப்பறம் "சில"ன்னா லாஜிக்ல குறைஞ்சது ஒண்ணு, எல்லாமா கூட இருக்கலாம். ஆனா எக்ஸாம்ல "ஒன்லி எ ஃப்யூ"ன்னு குடுத்தா சிலது ஆமா, சிலது இல்ல, ரெண்டும் சேத்தி.

2. மூணு பேரத் தேடுங்க

எல்லா காங்கேயமும் நாட்டு மாடு. எல்லா நாட்டு மாட்டுக்கும் திமில் உண்டு. அதனால எல்லா காங்கேயத்துக்கும் திமில் உண்டு. இதுல காங்கேயம், நாட்டு மாடு, திமில் உள்ளதுன்னு மூணு பேரு. நாட்டு மாடு மேல ரெண்டு வரிலயும் வந்துட்டு முடிவுல காணாமப் போயிருச்சு பாருங்க, அதான் நடுச்சொல். நம்மூரு தரகர் மாதிரி, ரெண்டு பேத்தையும் சேத்தி வெச்சுட்டு வெலகிக்கும்.

3. வட்டம் போடுங்க

எல்லான்னா பெரிய வட்டத்துக்குள்ள சின்ன வட்டம். எந்த… இல்லன்னா தனித்தனி வட்டம். சிலன்னா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, ஏறின எடத்துல ஒரு பெருக்கல் குறி. "சில இல்ல"ன்னா குறி மொத வட்டத்துக்குள்ள, ஆனா ரெண்டாவதுக்கு வெளிய. கோச்சிங்ல இத வென் படம்னு சொல்றாங்க, நெசமாலுமே இது 1768-ல ஆய்லர்ங்கற கணக்கு மேதை அச்சுல கொண்டாந்த வட்டம், ஜான் வென் 1880-ல போட்டது நிழலடிச்சு காட்டற வேற முறை. நமக்கு ஆய்லரே போதும்.

4. இப்ப ஒடைக்கப் பாருங்க

வேலையே இதுதானுங்க. மேல ரெண்டு வரியும் நெசமா இருந்து முடிவு மட்டும் பொய்யாகற மாதிரி ஒரே ஒரு படம் போட முடிஞ்சாலும் அந்த முடிவு செல்லாது.

சின்ன வயசுல அப்பாரு கூட சந்தைக்கு போயிருந்தேன். தரகர் ஒருத்தர், "காங்கேயம்னா திமில் இருக்குமுங்க, இதுக்கு பாருங்க எத்தாச்சோடு திமிலு, அப்ப இது காங்கேயந்தானுங்க"ன்னாரு. அப்பாரு திமில தடவிக்கிட்டே, "ஏனுங், உம்பளாச்சேரி மாட்டுக்கு திமில் இல்லீங்களா?"ன்னு கேட்டுட்டு நடையக் கட்டிட்டாரு. அவரு இந்த சிலாஜிசத்துக்கு மொதல்ல விதி எழுதுன அரிஸ்டாட்டில் பேரையே கேட்டதில்ல, ஆனா படம் ஒடைஞ்சுது. திமில் வட்டம் பெருசு, அதுக்குள்ள காங்கேயம் ஒரு மூலைல, தரகர் புடிச்சிருந்த மாடு எந்த மூலைல வேணா நிக்கலாமே. நடுச்சொல்லுல வர்ற அத்தனையப் பத்தியும் ஒரு வரிலயாவது பேசியிருக்கோணும், இங்க நடுச்சொல்லு திமில் உள்ளது, ரெண்டு வரிலயும் அதுல கொஞ்சந்தான் பேச்சுல வந்துச்சு.

நேரமில்லைன்னா இத மட்டும் பாருங்க: ரெண்டு வரியும் "சில"ன்னா முடிவே வராது, ரெண்டும் "இல்ல"ன்னாலும் வராது, ஒண்ணு "இல்ல"ன்னா முடிவும் "இல்ல"தான்.

இன்னொண்ணு, "எல்லா"ன்னு சொன்னா அப்படி ஒண்ணு இருக்குதா? எங்க தோட்டத்து யானையெல்லாம் வெள்ளைன்னு நான் சொன்னா, தோட்டத்துல யானையே இல்லைங்கறதால அது பொய் ஆகாதுன்னு இப்பத்த லாஜிக் சொல்லுது, அரிஸ்டாட்டில் வழியில இருக்குதுன்னே வெச்சுக்கறது. அதனாலதான் மூணு வரியையும் நாலு அச்சுலயும் மாத்தி, பேருங்களையும் எடம் மாத்தி வெச்சா வர்ற 256 அமைப்புல செல்லுறது 15-ன்னு ஒரு புஸ்தகத்துலயும் 24-ன்னு இன்னொண்ணுலயும் பாப்பீங்க. பேங்க் எக்ஸாமுக்கு இருக்குதுன்னே வெச்சுக்கோங்க.

கடைசியா மாப்ளைக்கு ஒண்ணு குடுத்தேன், மயிலைன்னா சாம்பல் நெற மாடு. எல்லா மயிலையும் மாடு. சில மாடு வண்டி மாடு. அப்ப சில மயிலை வண்டி மாடு, செல்லுமா?

"செல்லும் மாமா, நம்ம மயிலைதான் தெனமும் வண்டி இழுக்குதே"ன்னு கட்டுத்தரையக் காட்டறான். பேப்பர்ல கட்டுத்தரை எங்கடா இருக்குதுன்னேன். ரப்பர எடுத்து அழிச்சுட்டு, வண்டி மாட்டு வட்டத்த மயிலை மேல படாம மாட்டு வட்டத்துக்குள்ளயே தள்ளிப் போட்டான். போட முடிஞ்சுது.